மாற்றுப் பூ

மாத்தளை நீதிமன்றப் படிகளில் ஏறும்போதெல்லாம் சட்டத்தரணி மாணிக்கவாசகம் பாதியில் நின்றுவிடுவார். பார்ப்பவர்களுக்கு ஏதோ பெரிய வாதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பவர் போலத் தெரியும். வாதமுமில்லை, மண்ணுமில்லை, முழங்கால் வலி. எப்போதோ ஓய்வெடுத்திருக்க வேண்டிய மனிதர். மனைவி போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட, இங்கே வந்து வழக்குக்குத் தவணை வாங்கிப் போவது மேல் என்று வந்துகொண்டிருந்தார். வேலி வழக்கு, பாதை வழக்கு, பங்கு வழக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தன. அலுக்காதது ஒன்றே ஒன்றுதான். அது மீமாம்சை.

யாகம் செய்யச் சொல்லும் வேத வாக்கியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் எதை எடுப்பது, சொன்ன பொருள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் பழைய பண்டிதர்கள் வகுத்து வைத்த விதிகள் அவை. இந்தியாவில் நீதிபதிகள் சிலர் உயிலுக்கும் சட்டத்துக்கும்கூட அவற்றைப் பொருத்திப் பொருள் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பலாமரக் கிளை பக்கத்து வளவுக்குள் நீண்ட வழக்கில்கூட நெய்யையும் சமித்தையும் இழுத்துக்கொண்டு வருவார். நீதிபதிகள் சிரித்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்வார்கள். சக சட்டத்தரணிகள் அவருக்கு 'யாகக்காரர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

வேலம்மா அவரிடம் வந்தபோதுதான் கிழவருக்கு மறுபடி ஒரு சுறுசுறுப்பு வந்தது.

ரத்தோட்டை வழியில் ஒரு மாரியம்மன் கோயில். அதைக் கட்டிய கங்காணி, பக்கத்துத் துண்டுக் காணியைப் பற்றி உறுதிப் பத்திரத்தில் இப்படி எழுதி வைத்திருந்தார்: இருளாண்டியும் அவன் பரம்பரையும் இந்தத் துண்டில் குடியிருந்து, பூத்தோட்டம் வைத்து, அந்தத் தோட்டத்துப் பூவை அம்மனுக்கு நாள்தோறும் கொடுத்து வரவேண்டும். இருளாண்டியின் மருமகள்தான் வேலம்மா. புருஷன் செத்த பிறகும் விடியுமுன் பூப்பறித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள்.

பிறகு குரங்குகள் வந்தன. செவ்வரத்தையை மொட்டோடும் தளிரோடும் தின்றன. குரங்கு விட்டுவைத்த மல்லிகையைப் பன்றி வேரோடு கிளறிப் போட்டது. மூன்று தடவை நட்டுப் பார்த்தாள், முடியவில்லை. பாதையோரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியைப் பறித்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஜீவராஜுக்கு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. இதைவிட நல்ல சாக்கு அவருக்கு வேறு எங்கே கிடைக்கப்போகிறது! "ஆட்டுக்குப் போடுற பூவ அம்மனுக்குப் போடுறா. உறுதியில தோட்டத்துப் பூன்னுதான் போட்டிருக்கு. வீட்ட விட்டு எறங்கச் சொல்லுங்க" என்று வழக்குப் போட்டுவிட்டார்.

சபைக்காக வாதாட வந்தவர் ஸஜ்ஜாத். கெட்டிக்கார ஆள், மாணிக்கவாசகத்திடம் மரியாதையும் உள்ளவர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "சேர், நீங்க சொல்ற மீமாம்சை புத்தகத்தக் கொஞ்சம் பாத்துட்டுத் தரவா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். எதிர்த்தரப்பாவது ஒன்றாவது! மாணிக்கவாசகம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, புத்தகத்தையும் கொடுத்து, முக்கியமான அத்தியாயத்தைத் தானே விரித்து விளக்கமும் சொல்லி அனுப்பினார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

வாத நாளில் அவர் எழுந்து நின்று சிங்களத்தில் பேசினார். யாகத்துக்கு நெல் வேண்டும் என்று வேதம் சொல்கிறது. நெல் கிடைக்கவில்லையா? காட்டு நெல்லைப் போடு, யாகத்தை நிறுத்தாதே என்கிறது மீமாம்சை. தினமும் செய்தாக வேண்டிய கடமையில் முடிந்த அளவு செய்தாலே போதும், ஓர் அங்கம் குறைந்ததால் கடமை கெடாது. தோட்டத்துப் பூவைக் குரங்கு தின்றால் காட்டுப் பூ. உறுதி எழுதியவர் விரும்பியது அம்மனுக்குப் பூ தவறக்கூடாது என்பதைத்தானே?

நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மாணிக்கவாசகத்துக்கு முழங்கால் இருப்பதே மறந்துபோனது.

ஸஜ்ஜாத் எழுந்தார். பெரியவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொன்னார் என்றார். அந்தச் சலுகை தினக் கடமைக்கு மட்டுமே. பலனை விரும்பிச் செய்கிற யாகம் வேறு வகை. அதில் ஓர் அங்கம் குறைந்தாலும் பலன் கிடையாது. இந்த அம்மா பூக் கொடுத்தது வீடு என்ற பலனுக்காக. அப்படியானால் சொன்ன பூவையே கொடுத்திருக்க வேண்டும். அவர் கையில் இருந்தது மாணிக்கவாசகத்தின் புத்தகம். மாணிக்கவாசகம் விரித்துக் காட்டிய அதே அத்தியாயம்.

நீதிபதி யோசித்துவிட்டு வேலம்மாவை மறுபடி சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் கேட்டார்: "வீடு தராம இருந்திருந்தா, நீங்க அம்மனுக்குப் பூக் குடுத்திருப்பீங்களா?"

மாணிக்கவாசகம் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிடு தாயே, ஒரே ஒரு வார்த்தை.

வேலம்மா பொய் சொல்லத் தெரியாதவள் என்றில்லை. ஆனால் அன்று நன்றாகக் களைத்துப் போயிருந்தாள். "அது எப்படிங்க குடுப்பேன்? மாமனார் காலத்துலருந்து வீட்டுக்காகத்தான் குடுக்கிறோம். விடியக்காத்தால பனியில நிக்கிறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா?"

தீர்ப்பு அவளுக்கு எதிராகத்தான் வந்தது. வெளியே ஸஜ்ஜாத் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, "மன்னிச்சிக்கங்க சேர், கேஸ்னா கேஸ்தானே" என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்தது தான்தான் என்று மாணிக்கவாசகத்துக்குத் தெரியும். மேன்முறையீடு செய்யலாம் என்று வேலம்மாவிடம் சொன்னார். "போதுங்க ஐயா, அலைய முடியல" என்றாள். அவரும் வற்புறுத்தவில்லை. அவருக்கும் போதும் என்றிருந்தது. அதற்காக உள்ளூர வெட்கப்பட்டார்.

வேலம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தில் தம்பி வீட்டோடு போய் ஒண்டிக்கொண்டாள். மேன்முறையீட்டுக்கான கெடு கடந்தது. மழைக்காலமும் போனது.

ஒரு காலையில் வேறொரு காணியைப் பார்க்க ரத்தோட்டைப் பக்கம் போன மாணிக்கவாசகம், கோயிலடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வேலம்மாவின் வீடு இருந்த இடத்தில் கொங்கிரீட் தூண்கள் நின்றன. கோயில் வாசலில், பனியில் நனைந்த சேலையோடு, மடி நிறையக் காட்டுச் சூரியகாந்தி வைத்துக்கொண்டு வேலம்மா ஐயருக்காகக் காத்து நின்றாள்.

"என்னம்மா இது? வீடுதான் போயிருச்சே, இன்னும் எதுக்குப் பூ?"

"தெரியலைங்க ஐயா. எறங்கிப் போன மறுநாளு விடியக்காத்தால முழிப்பு வந்திருச்சு. படுத்துப் பாத்தேன், முடியல. பறிச்சிட்டு வந்துட்டேன். அன்னையிலருந்து வந்துகிட்டுதான் இருக்கேன்."

நீதிபதி கேட்ட கேள்விக்கான பதில் இதோ மடியில் இருந்தது. இனி எந்த நீதிமன்றமும் இதைக் கேட்காது.

"இத அன்னைக்கே கூண்டுல சொல்லியிருக்கலாமேம்மா."

வேலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு எனக்கே தெரியாதுங்களே, ஐயா" என்றாள்.