முப்பத்தொன்றாம் எண் கரண்டியும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். அதில் உள்ளபடியே இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் தென்காசியில் பிறந்தவர். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அப்பா தவறியபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். மாலையில் டியூஷன் எடுத்துத் தானும் படித்தார், என்னையும் படிக்க வைத்தார். வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்து, பின்னர் சான் ஹோசேயில் குடியேறினார். தெரியாததைத் தெரிந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நியூ ஜெர்சியில் பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் இறந்ததும் அவர் வீட்டுப் பொருள்களை விற்றார்கள். அங்கே அண்ணன் ஒரு வெள்ளிக் கரண்டியை வாங்கினார். அதன் பின்புறம் மிகச் சிறிய எழுத்துகள் இருந்தன. ஸ்காட்லாந்தின் சிற்றூர்த் தட்டார்கள் தம் பெயரெழுத்தையும் ஊரின் அடையாளத்தையும் அப்படி முத்திரையாக அடிப்பார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டார். அந்த முத்திரைதான் ஒரு கரண்டியின் பிறப்புச் சான்றிதழ். அன்று தொடங்கிய ஆர்வம் கடைசிவரை நீடித்தது. கரண்டிகள், சர்க்கரை இடுக்கிகள், மிளகுச் சிமிழ்கள் என நாற்பத்து மூன்று உருப்படிகளுக்கும் எண் கொடுத்து, ஒரு தடித்த நோட்டில் பதிந்து வைத்திருந்தார்.

முப்பத்தொன்றாம் எண், பான்ஃப் என்ற ஸ்காட்லாந்துக் கடலோரச் சிற்றூரில் செய்த சிறிய அகப்பை. அந்த ஊர்ப் பொருள் அவரிடம் அது ஒன்றுதான். "விஸ்கி மொள்ற கரண்டியாம் இது. எங்க வீட்டுக்கு வந்து பாயசம் மொள்ளுது, பாவம்" என்று மதினி கேலி செய்வார்.

கடைசி ஆண்டில் சர்க்கரை நோயால் அண்ணனின் பார்வை மங்கியது. இதயமும் பலவீனமாயிற்று. நான் ஹூஸ்டனிலிருந்து உதவிக்கு வந்தேன். அதிர்ச்சி தரும் எதையும் அவரிடம் சொல்லக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

நோட்டைத் தன் மகளிடம் ஒப்படைக்குமுன் ஒருமுறை சரிபார்க்க அண்ணன் விரும்பினார். தினமும் நாலு மணிக் காபிக்குப் பிறகு மூன்று உருப்படிகள். நான் முத்திரையைப் பார்த்துச் சொல்வேன். அவர் நினைவிலிருந்து சரியா என்று சொல்வார். நான் நோட்டில் குறியிடுவேன்.

பன்னிரண்டு முடிந்திருந்த நிலையில் தீபாவளி நெருங்கியது. அந்தப் புதன்கிழமை மாலை, அன்றைய மூன்றும் முடிந்த பிறகு, குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் துலக்கினேன். பாயசத்துக்காக மதினி எடுத்து வைத்திருந்த அகப்பையும் அங்கே கிடந்தது. அதன் எழுத்துகளுக்குள் இருந்த கறுப்பை அழுக்கு என்று நினைத்து, விபூதியோடு பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் சேர்த்து அழுத்தித் தேய்த்தேன். கழுவிப் பார்த்தேன். கறுப்பு போயிருந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த எழுத்துகளும் போயிருந்தன.

நாளுக்கு மூன்று. முப்பத்தொன்று ஏழாம் நாள் வரும் என்று கணக்கிட்டுக் குறித்துக்கொண்டேன்.

அந்த ஏழு நாட்களும் இரண்டு வழிகளையும் மாற்றி மாற்றி யோசித்தேன். நோட்டைப் பார்த்து அப்படியே வாசித்துவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் பெயரால் ஒரு பொய் அந்த நோட்டில் ஏறும். சொன்னாலோ, அந்த இதயம் தாங்குமா? அவர் இருமினாலே ஓடிப்போய்ப் பார்த்தேன். "என்ன, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? நீயும் ஒரு செக்கப் பண்ணிக்கோ" என்றார் மதினி. அவரிடமும் நான் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை அண்ணன் காபியை முடித்துவிட்டு, "முப்பத்தொண்ணு" என்றார். நான் அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏட்டி, தூங்கிட்டியா?"

"அண்ணே, இதுல முத்திரை இல்ல."

"லைட்டப் போட்டு நல்லாப் பாரு."

"இல்லண்ணே. நான்தான் தேச்சுட்டேன். விபூதி போட்டு."

கையை நீட்டி அகப்பையை வாங்கினார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். நிறுத்தினார். மறுபடியும் தடவினார்.

"எப்போ?"

"போன புதன்கிழமை."

"ஒரு வாரமா இத மனசுல வச்சுக்கிட்டா எனக்குக் காபி போட்டுத் தந்த?"

அவர் கை மார்புக்குப் போனது. நான் பதறிப்போய் போனை எடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நோட்ட எடு. பான்ஃப்னு இருக்கறத அடிச்சிரு. முத்திரை தேஞ்சு போச்சு, ஊரை இனி நிரூபிக்க முடியாதுன்னு எழுது. விபூதின்னும் எழுது. பின்னால வர்றவங்க காரணம் தெரியாம அலைய வேண்டாம்." எழுதி முடித்ததும் சொன்னார்: "எத்தனை சீமை வீட்டுல எத்தனை பேரு தேச்சிருப்பாங்க. அதுக்கெல்லாம் தப்பிச்ச சாமான், தென்காசிக்காரிகிட்ட வந்து மாட்டிக்கிச்சு பாரு."

சிரித்தார். ஆனால் அன்று முப்பத்திரண்டையும் முப்பத்து மூன்றையும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதன்பின் நோட்டைத் திறக்கவே இல்லை. அந்தப் புதன்கிழமையிலிருந்து பதின்மூன்றாம் நாள் காலை, நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

நோய்க்காலம் முழுவதும் பார்த்துக்கொண்ட டாக்டருக்கு எங்கள் நன்றி. இரண்டு முறை தனியாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன். அகப்பை விஷயத்துக்கும் அவர் போனதற்கும் தொடர்பில்லை என்று இரண்டு முறையும் பொறுமையாகச் சொன்னார். பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், விமான நிலையத்துக்கும் வீட்டுக்குமாகக் கார் ஓட்டிய நண்பர்களுக்கும், சடங்குகளை நடத்தித் தந்த குருக்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

மதினிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காரியம் முடிந்த அன்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி அழுதேன். "நீ சொன்ன அந்தப் புதன்கிழமை ராத்திரி உங்க அண்ணன் ரெண்டு இட்லி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க" என்றார். அன்றைய நாட்குறிப்பில் இட்லியைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அது உண்மைதானா என்று அவரிடம் இன்றுவரை கேட்கவும் இல்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.