முகத்துக்குத் தனிக் கூலி

காரிமங்கலம் சந்தைத் திடலுக்குக் கிழக்கே டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில். சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, அரிசி கிடைக்காது, சில்லறைக் காசுகூடக் கிடைக்காது. படம் பார்க்க வருகிற கூட்டம் மட்டும் குறையவில்லை. பெண்கள் பக்கத்து டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் மாதம்மாள்.

முப்பது வயது. ஒன்பது வயதில் அம்மை போட்டு, வாழையிலையில் இருபது நாள் கிடந்து பிழைத்தவள். நெற்றியிலிருந்து கழுத்துவரை தழும்பு. கட்டிக்கொண்டவன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். அவள் முகம் பிடிக்காமல்தான் போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "அவன் மூஞ்சிய நான் ஏழு வருசம் பொறுத்துக்கிட்டேனே, அத யாராச்சும் பேசுனாங்களா?" என்று மாதம்மாள் கேட்பாள்.

வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. புதிதாக வந்த ஓட்டைக் காலணாவை நூலில் கோத்து வைத்துக்கொண்டு, மற்ற ஜன்னலில் சில்லறைக்கு அடிதடி நடக்கும்போது இவள் கண் இமைப்பதற்குள் மீதி கொடுத்து அனுப்புவாள். சந்தை நாளில் விற்காத கோழியோடு வரும் பெண்களுக்காகத் தன் முதுகுப்பக்கம் வரிசையாக முளை அடித்திருந்தாள். எந்தக் கோழி யாருடையது என்பதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. மாதம் எட்டு ரூபாய்.

அடுத்த வருஷம் தை மாதம் பச்சியப்பன் என்று ஒரு புது மேனேஜர் சேலத்திலிருந்து வந்தார். வெளுத்த ஜிப்பா, வாரிய கிராப்பு. பட்டணத்துக் கொட்டகைகளை எல்லாம் பார்த்தவர். வந்த மூன்றாம் நாள் மாதம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, டிக்கெட் ஜன்னல்தான் கொட்டகைக்கு முகம். படத்துல ராணியப் பாக்க வர்றவங்க, மொதல்ல உன்னப் பாத்தா எப்படி இருக்கும்?"

"நான் குடுக்கற டிக்கெட்டுலதானுங்க ராணியப் பாக்கறாங்க."

"வாய் பேசாத. இனி ஜன்னல்ல ஒக்கார்றவ மெல்லிசான வாயில் துணிச் சேலை கட்டணும், பவுடர் பூசணும், தலைக்குப் பூ வெக்கணும். லட்சணமா இருக்கணும். நீ உள்ள போயி மணலக் கூட்டித் தண்ணி தெளி. அஞ்சு ரூவா."

"எட்டு ரூவா வாங்கிட்டு இருக்கறனுங்க. ஒரு நாளாச்சும் கணக்குல காசு கொறஞ்சிருக்குதுங்களா?"

"கணக்கப் பத்தி யாரு பேசுனா? நான் மூஞ்சியப் பத்திப் பேசறேன்."

மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இது ஆத்தா வந்து ஒக்காந்துட்டுப் போன மூஞ்சிங்க. அவளே பாத்துட்டுப் போன மூஞ்சிய நீங்க பாக்கக் கூடாதுங்களா?"

பச்சியப்பன் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் உத்தரவை மாற்றவில்லை.

ஜன்னலுக்குக் கண்ணம்மாள் வந்தாள். தருமபுரிக்காரி, இருபத்திரண்டு வயது, சிவப்பு. புருஷன் பட்டாளத்தில். சம்பளம் பன்னிரண்டு ரூபாய் என்று கேட்டபோது மாதம்மாளுக்கு வயிறு எரிந்தது. துடைப்பத்தால் மணலை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டையும் தன் ஐந்தையும் நினைத்துக்கொண்டாள். ஒரு மாதம் அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலில் கூட்டம் நெருக்கி, சில்லறை தெரியாமல் கண்ணம்மாள் திணறியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாளில் அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள்.

சம்பளம் கொடுத்த அன்று, இன்ஜின் கொட்டகைக்குப் பின்னால் கண்ணம்மாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கையில் நாலரை ரூபாய்.

"பன்னண்டுன்னுதானக்கா சொன்னாங்க. சேலைக்குத் தவணைன்னு நாலு ரூவா புடிச்சிட்டாங்க. பவுடருக்கும் பூவுக்கும் ரெண்டு. பூ கெடைக்காம சும்மா வந்த ஆறு நாளுக்கும் ஒரு நாளைக்கு நாலணா அபராதமாம்."

மாதம்மாள் விரல் விட்டுப் பார்த்தாள். தன் மடியிலிருந்த ஐந்து ரூபாயையும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட இவளே! அப்ப உன் மூஞ்சி என் மூஞ்சியவிட எட்டணா கம்மி!"

அழுதுகொண்டிருந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது மாதம்மாளுக்குப் பொறாமை போயிருந்தது. அது இருந்த இடத்தில் கோபம் வந்திருந்தது.

"ரெண்டு பேரும் சேந்து கேப்போம்" என்றாள்.

"எனக்கு பயமா இருக்குதுக்கா. அவருகிட்ட இருந்து மணியார்டர் வந்து மூணு மாசம் ஆச்சு."

"எனக்கு மணியார்டர் போடவே ஆளில்ல. பயந்தா மட்டும் நாலரை அஞ்சாவுமா?"

அடுத்த சந்தை நாள். வெயில் தாழும் நேரத்தில் கண்ணம்மாள் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தன் பழைய நூல் சேலையில் வந்தாள். மாதம்மாள் துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு ஜன்னலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பச்சியப்பன் ஓடிவந்தார்.

"என்ன கூத்து இது?"

"கூத்து இல்லீங்க, கூலி" என்றாள் மாதம்மாள். "டிக்கெட் கிழிக்கறதுக்கு ஒரு கூலி சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணா. மூஞ்சியும் வேணும்னா அதுக்குத் தனிக் கூலி குடுங்க. எங்க கைக்காசுல பவுடர் வாங்கி உங்க கொட்டகைக்குப் பூச மாட்டோம்."

"எந்திரிச்சுப் போங்க ரெண்டு பேரும்! ஜன்னல்ல நானே ஒக்காந்துக்கறேன்."

போய்விட்டார்கள். வெளியே, பாதை ஓரத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி உட்கார்ந்தார்கள்.

சந்தை கலைந்து பெண்கள் கூடையும் குழந்தையுமாக வந்தார்கள். மாதம்மாள் யாரையும் தடுக்கவில்லை. "ஏம்மா இங்க ஒக்காந்துட்ட?" என்று கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "ஐயா ஒக்காந்திருக்காருங்க, போயி வாங்கிக்கங்க" என்று ஜன்னலையும் காட்டினாள். பெண்கள் போய்ப் பார்த்தார்கள். அந்நிய ஆண்பிள்ளை கையில் காசு நீட்டக் கூச்சம். கோழியை எங்கே கட்டுவது என்று கேட்டால் அந்த ஆள் முழிக்கிறார். "பொம்பளைங்க ஜன்னல்ல மீசைக்கு என்னா வேல?" என்று ஒரு கிழவி உரக்கக் கேட்டுவிட்டு ஊர்ப்பக்கம் நடையைக் கட்டினாள். அவள் பின்னால் பத்துப் பேர், அதன் பின்னால் இன்னும் பத்துப் பேர். ஆண்கள் பக்கம் வழக்கம்போல நிரம்பியது. பெண்கள் பக்கத்து மணலில் அன்றைக்குப் பதினோரு பேர்.

மறுநாள் காலையில் மாதம்மாள் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். பானையில் இரண்டு நாளைக்குத்தான் கேழ்வரகு இருந்தது. கண்ணம்மாள் வந்து, "போயி மன்னிப்புக் கேட்டுரலாமாக்கா?" என்றாள். "அந்தக் கேவுரு தீரட்டும், அப்பறம் யோசிக்கலாம்" என்றாள் மாதம்மாள்.

கேழ்வரகு தீர்ந்தது. யோசிக்கவில்லை, அண்டை வீட்டில் ஒரு படி கடன் வாங்கினாள். அடுத்த சந்தையிலும் பெண்கள் பக்கம் காலி. வசூலைப் பார்த்த முதலாளி மறுநாளே சேலத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத மனிதர். இருவரையும் கூப்பிட்டு, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார்.

"கைக்குப் பத்து ரூவாங்க, ரெண்டு பேருக்கும். மூஞ்சிக்கு நாங்க எதுவும் கேக்கல. சேலையும் பவுடரும் வேணும்னா நீங்க வாங்கிக் குடுங்க. பூசறதும் பூசாததும் எங்க இஷ்டம். நான் ஜன்னல்லதான் ஒக்காருவேன்."

முதலாளி பச்சியப்பனைப் பார்த்தார், பிறகு வசூல் புத்தகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். கண்ணம்மாளிடம் பிடித்த அபராதத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார். அந்தக் காசு கடைசிவரை வரவில்லை.

பச்சியப்பன் மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் கழித்து, தாசில்தார் வீட்டுப் பெண்கள் படம் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்த அன்று, மாதம்மாளின் ஜன்னலுக்குப் பச்சைத் துணியில் ஒரு திரை போட்டார். கை மட்டும் வெளியே நீளும்படி கீழே சின்ன இடைவெளி. மாதம்மாள் வந்து பார்த்தாள். ஒரே இழுப்பில் திரையைப் பிடுங்கி மடித்து, அதையே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தாசில்தார் சம்சாரம் வந்தார். மாதம்மாளின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சேர் டிக்கெட் நாலு குடும்மா. தண்ணிப் பானை எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திரையைக் கிழித்துவிட்டாள் என்று ஒரு ரூபாய் அபராதம். சம்பளத்தன்று மேஜையில் ஒன்பது ரூபாய் இருந்தது. மாதம்மாள் அதைத் தொடவில்லை, பதிவேட்டில் கைநாட்டும் வைக்கவில்லை. "துணி கிழியலீங்க, மடிச்சு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் முதலாளிக்குப் பதிவேடு போயாக வேண்டும். பச்சியப்பன் பத்தாவது ரூபாயை எடுத்து வைத்தார். மாதம்மாள் கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

நாற்பத்தாறில் லைசென்ஸ் முடிந்து கொட்டகை பாலக்கோட்டுக்குப் பெயர்ந்தது. மாதம்மாளை மட்டும் பன்னிரண்டு ரூபாய்க்குக் கூப்பிட்டார்கள். கண்ணம்மாளுக்கும் அதே பன்னிரண்டு என்றால்தான் வண்டி ஏறுவேன் என்றாள். ஒரு வாரம் இழுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். சுருட்டிய கூடாரத் துணிமேல் உட்கார்ந்து இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

பாலக்கோட்டில் தச்சர் டிக்கெட் ஜன்னலுக்குத் தகரத்தில் அளவு கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாதம்மாள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"இது பத்தாதுங்க. இன்னும் ஒரு சாண் மேல வெட்டுங்க" என்றாள். "மூஞ்சி முழுசாத் தெரியணும்."