பூட்டின் நாக்கு

அலமாரிக் கம்பெனியில் அவளுக்கு டிசைனம்மா என்றே பேர். கம்ப்யூட்டரில் அலமாரி வரைவதுதான் வேலை. அவள் வரைந்தால் மயிரிழை பிசகாது என்று பட்டறையே சொல்லும். அவளும் அதை நம்பித் தொலைத்தாள். அப்பாவுக்கு மறதி வந்து, போட்ட மாத்திரையையே மறுபடி மறுபடி போட்டு, ஆஸ்பத்திரி வரை போய் வந்தார். உடனே மாத்திரை வைக்க வீட்டுக்கு ஒரு பூட்டு டிராயர் வரைந்து, செய்து வைத்துவிட்டாள். சாவி அம்மாவிடம். அதற்கப்புறம்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதே வரைபடத்தைத்தான் ஒரு டாக்டரின் மருந்து அலமாரிக்கும் எடுத்துப் போட்டாள். பூட்டு பொருத்துகிற அண்ணன் பட்டறையிலிருந்து கத்தினார்.

"டிசைனம்மா, இங்க வந்து இந்தக் கூத்தைப் பாரும்மா!"

சாவியைத் திருப்பிப் பூட்டினார். டக்கென்று சத்தம். இழுத்தார். டிராயர் சமர்த்தாக வெளியே வந்தது.

"பூட்டு மட்டம்ண்ணே," என்றாள் வெடுக்கென்று.

"பூட்டு மேல பழியைப் போடாத. பூட்டோட நாக்கு, டிராயருக்கு மேல இருக்கிற கட்டைக்குள்ள ஏறணும். இது எட்டாம கீழயே நிக்குது. நீ காட்டின இடத்துலதான் ஓட்டை போட்டிருக்கோம்."

ஓடிப்போய்ப் படத்தைத் திறந்தாள். பூட்டை மேலே நகர்த்தினாள். உடனே திரையில் சிவப்பு: இரண்டு பாகங்கள் மோதுகின்றன. அடப் பாவமே! முதலில் வரைந்த அன்றைக்கும் இதே சிவப்பு வந்ததே. தப்பு என்று நினைத்து, சிவப்பு போகிறவரை பூட்டைக் கீழே இறக்கியவளே அவள்தான். கட்டைக்குள் நாக்கு நுழைந்தால்தானே அது பூட்டு? கட்டையில் ஒரு பள்ளம் வரைந்திருந்தால் தீர்ந்திருக்கும். இதுகூடவா தெரியவில்லை மகாராணிக்கு!

அடுத்த நொடிதான் உறைத்தது. வீட்டு டிராயர்!

அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, மாத்திரை டிராயரைச் சாவி போடாம இழுத்துப் பாரு."

"பூட்டியிருக்குடி."

"இழுன்னா இழேன்மா!"

சர்ரென்று சத்தம் கேட்டது. "ஐயையோ, வந்துடுச்சுடி! இத்தனை மாசமா தொறந்தா கிடந்துச்சு?"

"மாத்திரை கணக்குல குறைஞ்சிருக்கா? சீக்கிரம் பாரு!"

அம்மா பார்த்து முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எல்லாம் கணக்கா இருக்குடி. ஏங்க, நீங்க ஒரு தடவைகூட இதை இழுத்துப் பாக்கலையா?"

அப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது. "நம்ம பொண்ணு செஞ்ச பூட்டாச்சே, அதைப் போய் எவன் இழுத்துப் பாப்பான்?"