பொத்தான் கடையும் வளையல் கடையும்

மானாம்பதியில் எங்கள் குடும்பம் பிறர் வயலில் கூலிவேலை செய்தது. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனேன். லீவு நாளில் போக்கிடம் கிடையாது. அறையில் குளிர். கடைகளுக்குள் கணப்பு எரியும் என்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து. எல்லாம் சின்னக் கடைகள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். ஒன்றில் தொப்பி மட்டும் விற்றார்கள். ஒன்றில் பழைய கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டின. ஒன்றில் வெறும் பொத்தான். பொத்தான் விற்று எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகத் தோன்றவில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்கள் தெருக்காரர்கள் வெளியே நின்று வேண்டியதைச் சொல்வார்கள். கடைக்காரர் பொட்டலத்தைப் படியில் வைப்பார்.

கதவு இறுகித் திறக்க முடியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, கடைக்கார அம்மாள் தானே வந்து திறந்தாள். எனக்குப் பொத்தான் தேவையில்லை என்றேன். அதனால் என்ன, பாருங்கள் என்று இழுப்பறைகளைத் திறந்து காட்டினாள். எலும்புப் பொத்தான், சிப்பிப் பொத்தான், கண்ணாடிப் பொத்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினேன். நன்றி என்றாள். எதற்கு என்று தெரியவில்லை. மறுபடியும் சொல்வாளா என்று பார்க்க அடுத்த வாரமும் போனேன். சொன்னாள். அப்புறம் தொப்பிக் கடை, கடிகாரக் கடை என்று அதுவே பழக்கமாகிவிட்டது.

சில வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்தேன். அம்மாவோடு உத்திரமேரூர் கடைத்தெருவில் போகும்போது, கால் தன்பாட்டுக்கு ஒரு வளையல் கடைக்குள் ஏறிவிட்டது. என் கைக்கடிகாரத்தையும் செருப்பையும் பார்த்த கடைக்காரர் எழுந்து முக்காலியை நகர்த்திப் போட்டு, வாங்கம்மா என்றார். வெளியே வெயிலில் நின்ற அம்மாவிடம், "இன்னாமே, இங்க இன்னாத்துக்கு நிக்கற? அப்பறமா வா" என்றார்.

"அவங்க எங்க அம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். அதைத் திரும்ப எடுக்க முடியாது, நான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். "நான் இங்கியே கீறேன். நீ வாங்கிக்கினு வா" என்றாள்.

"நான் ஒண்ணும் வாங்கலம்மா. சும்மா பாக்கறேன். நீயும் வந்து பாரு."

வாங்காதவள் எதற்குக் கடைக்கு வந்தாய் என்று கேட்டாள். கடைக்காரர் முகத்திலும் அதே கேள்வி. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அம்மா ஏறி வந்தாள். உள்ளே இருந்த ஒரு பெண்மணி, எடுத்த வளையலை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் முகத்தைச் சந்துக் கடையில் வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா, மேல் தட்டில் இருக்கிற பச்சையைக் காட்டச் சொன்னாள். கடைக்காரருக்கு எட்டவில்லை. என்னை எழுந்திருக்கச் சொல்லி முக்காலியில் ஏறினார். பெட்டியை எடுத்தபின் வைக்க இடமில்லை. அம்மா கையை நீட்டினாள். நேராக அவள் கையில் கொடுத்தார்.

அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். இறங்கி வந்துவிட்டோம். யாரும் நன்றி சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா, "பச்ச நல்லா இருந்திச்சி" என்றாள். திரும்பிப் போய் வாங்கலாமா என்றேன். "வேணாம். அடுத்த வாரம் வந்து நீலத்தப் பாக்கணும்."

அடுத்த வாரம் போனோம். வளையல் கடைக்காரர் வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை அடித்திருந்தார். உள்ளே யாரும் ஏற முடியாது. எல்லாத் தெருப் பெண்களும் வெயிலில் நின்று வளையல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள். அம்மா நீலத்தைக் கேட்கவில்லை. பக்கத்துப் பாத்திரக் கடையில் இன்னும் பலகை அடிக்கவில்லை. "வா" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறினாள்.