நீர்வேலியில் ஒயில் தின்ற பற்றீரியாக்களைத் தேடிப் போனது

1979 ஆவணியில் நான் நீர்வேலிக்கு இரண்டாம் தடவை போனது ஒரு குழப்பத்தைத் தீர்க்கத்தான். தீர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். கிணற்று நீர் இறைக்கும் இறைப்பு மெசினிலிருந்து வடியும் கழிவு ஒயிலில், காபன் வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்த நச்சுச் சேர்மங்கள் உண்டு. சில பற்றீரியாக்கள் ஒட்சிசனைப் புகுத்தி அந்த வளையங்களை உடைத்து உணவாக்கிக்கொள்ளும். அவற்றைத் தேடி, கந்தையா அண்ணையின் வாழைத்தோட்டத்துக் கிணற்றடியில் முன்னரே மண் எடுத்திருந்தேன். மெசினடியில் நாறிய மண்ணில் பற்றீரியா மொய்த்தது. அதே ஒயில் வடிந்திருந்தும், அவர் பச்சிலைக் குழையும் எருவும் மண்ணுள் தாழ்த்திய பக்கத்தில் ஒயில் மணம் இல்லை, பற்றீரியாவும் இல்லை. அப்படியானால் ஒயிலைத் தின்றது யார்?

யாழ்ப்பாணத்தில் காலை 7.10 பஸ், ஐந்து மைல், ஐம்பது சதம். இறங்கி அரை மைல் நடை. குடை கட்டாயம்.

அண்ணைக்கு என் ஆராய்ச்சியில் அக்கறையில்லை; தண்ணீர்தான் கவலை. கிணற்றுத் தண்ணீரில் ஒயில் நாறியதால், ஒரு வருடமாக அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் அயல்வீட்டிலிருந்துதான் வந்தது.

"அண்ணை, குழை தாழ்த்த இந்தப் பக்கம் வேறை என்ன போட்டனீங்கள்?"

"முதல் தடவை வரமுன்னம், கிருமி எடுக்க வாறன் எண்டு கடிதம் போட்டனீங்களெல்லே? வாற பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தம் வந்திடும் எண்டு, மனுசி கிணத்துக்கு வைச்சிருந்த குளோரின் தூளை முழுக்கக் கொட்டினவ."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஒயிலைத் தின்னுறதே அந்தக் கிருமிதான் அண்ணை! திண்டு முடிச்சதுகளைக் குளோரின் அழிச்சுப்போட்டுது போலை."

அவர் முகம் வாடியது. "அப்ப உதவி செய்ததுகளையோ கொன்றுபோட்டம்?"

"மெசினடியிலை இன்னும் இருக்கு. அந்த மண்ணைக் குழையோடை சேர்த்துக் கொத்திவிடுங்கோ, பெருகும் எண்டு நினைக்கிறன்."

நினைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மணம் போனது பற்றீரியாவாலா, வெயிலாலா என்று எனக்கே தெரியாது. மண் எடுக்கப் போகிறவர்கள் கடிதத்தில் 'கிருமி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

புறப்படும்போது அண்ணை கிணற்றில் அள்ளி ஒரு செம்பை நீட்டினார். "இப்ப மணமில்லை. குடிக்கலாமோ, தம்பி?"

முகர்ந்தேன். மணமில்லைத்தான். ஆனால் மணம் போனால் நஞ்சும் போய்விட்டதா? நாவறட்சியோடு செம்பைப் பிடித்தபடி நின்றேன். கை வாய்க்குப் போகவில்லை.

 அண்ணை செம்பை வாங்கி வாழையடியில் ஊற்றிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுக்கு நடந்தார்.