யாரும் திரும்பி நடக்காத சாலை

அந்த ஒரு வரியை எழுதியவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. எழுதிய அன்றைக்கே என் தோழி ஒரு கேள்வி கேட்டாள். அவள் வாயையும் நான்தான் அடைத்தேன்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவண்ணாமலையில். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி, எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஒரு மென்பொருள் பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. இந்தப் பக்கம் வரும் செய்தியை வாங்கி, உருமாற்றி, அந்தப் பக்கம் கொண்டு சேர்ப்பதற்கென்றே இன்டக்ரேஷன் ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. அதில் எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. கூடவே திமிரும் இருந்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் காணாமல் போகிறவர்களைத் தேடிக் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அதை நடத்துகிறவர் செல்போன் கடைக்காரர். ஒருநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வாட்ஸ்அப் குரூப்பு குப்பைத்தொட்டி ஆயிடுச்சும்மா. போன மாசம் ஒரு கொழந்த குபேர லிங்கத்துல உக்காந்துனு இருக்கு, அதோட அம்மா எம லிங்கத்துல அழுதுக்கினு இருக்காங்க. ரெண்டு மெசேஜும் ஒரே குரூப்லதான் கெடந்துது. ஒருத்தரும் பாக்கல. நீங்கதான் எதனா பண்ணணும்."

மலையைச் சுற்றியிருக்கும் எட்டு லிங்கங்களின் அருகிலும் குழுவுக்கு ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செல்போன். தொலைத்தவர் வந்து அழுதால் அது ஒரு செய்தி. தனியாகத் திரிகிறவரை உட்கார வைத்தால் அது இன்னொரு செய்தி. இரண்டையும் பொருத்த வேண்டும். சொல்லை வைத்துத் தேடினால் வேலைக்கு ஆகாது. ஒருவர் 'மஞ்ச சட்ட' என்பார், இன்னொருவர் 'சந்தனக் கலர் ஷர்ட்' என்று எழுதியிருப்பார். அதனால் வெக்டர் டேட்டாபேஸ் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அது ஒவ்வொரு வாக்கியத்தையும் எண்களின் நீண்ட வரிசையாக வைத்துக்கொள்ளும். பொருளில் நெருங்கிய வாக்கியங்கள் எண்களிலும் நெருங்கி இருக்கும். சொல் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

உதவிக்குச் சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி வந்தாள். ஃப்ரேம்வொர்க்கையும் டேட்டாபேஸையும் கைகோக்க வைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதலில் எண்வரிசையின் நீளம் ஒத்துப்போகவில்லை என்று டேட்டாபேஸ் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியது. அதைச் சரிசெய்தால், செய்தியின் மேலே 'இதைச் சேமி', 'இதைத் தேடு' என்று குறிப்பு வைக்காததால் ஒன்றும் சொல்லாமல் கம்மென்று இருந்தது. மூன்றாம் நாள் ஒருவழியாக ஓடியது. காணாமல் போனவர் பற்றிய செய்தி வந்தால், ஆள் கிடைக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே திரும்பத் திரும்பத் தேடும்படி வைத்தோம்.

கடைசியாகத்தான் அந்த வரியைச் சேர்த்தேன். தேடும்போது ஒரு நிபந்தனையும் போடலாம். மேசைகளுக்கு வலம் வரும் வரிசையில் எண் கொடுத்திருந்தேன். இந்திர லிங்கம் ஒன்று, அக்னி இரண்டு, எமன் மூன்று, நிருதி நான்கு என்று எட்டு வரை. ஒருவர் எந்த மேசையருகே தொலைந்தாரோ, அங்கும் அதற்கு அடுத்த மேசைகளிலும் மட்டும் தேடு என்று எழுதினேன். கூட்டம் எல்லாம் ஒரே திசையில்தானே போகிறது. வீணாக எட்டு இடத்தையும் எதற்குத் துழாவ வேண்டும்?

"யாராவது திரும்பி நடந்தா?" என்றாள் தோழி.

"நீ மெட்ராஸ்காரி, உனக்குத் தெரியாது. எங்க ஊர்ல குடிகாரன்கூட மலையை எடப்பக்கமா சுத்தமாட்டான்."

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். எனக்கு அந்த வரியில் பெருமையாகக்கூட இருந்தது. ஊரை அறிந்தவள் எழுதிய வரி அல்லவா.

அந்த மாதம் பௌர்ணமி காலையிலேயே தொடங்கிவிட்டதால் பகலிலேயே ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. செங்கம் ரோட்டில், ஓர் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடி அறையைக் குழுவுக்காகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே தலைகளாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் தோழியும் இரண்டு லேப்டாப்போடு உட்கார்ந்தோம். பதினோரு மணிக்குள் இரண்டு குழந்தைகளையும் ஒரு மாமியாரையும் சேர்த்துவைத்துவிட்டோம். செல்போன் கடைக்காரர் எங்கள் இருவருக்கும் தோசை வாங்கிக் கொடுத்தார்.

பன்னிரண்டரைக்கு எம லிங்க மேசையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஆண், அறுபது வயது, ஒரு பக்கம் கை கால் விழுந்தவர், பேச்சு வராது, வெள்ளை வேட்டி. தேடல் ஓடியது. பொருத்தமாக யாரும் இல்லை. அரைமணி நேரத்தில் ஒரு தொண்டர் அவருடைய மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அங்கே நிற்க முடியாமல் தவிக்கிறார் என்றார்.

அந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். கையில் மோர் வாங்கிய காகித டம்ளர் ஒன்று அப்படியே நசுங்கி இருந்தது. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு டிரைவரா இருந்தாரு பாப்பா. ரெண்டு வருஷம் முன்ன பக்கவாதம் வந்துட்டுது. எழுந்து நடந்தார்னா மலைய சுத்தி வரோம்னு நான்தான் வேண்டிக்கினேன். அவரை மரத்தடியில நிறுத்திட்டு மோர் வாங்கப் போனேன். வந்து பாத்தா ஆள் இல்ல." இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினார். "ஒரு மணிக்கு இது போடணும். தப்புச்சின்னா வலிப்பு வந்துடும். மாத்திரை என்கிட்டதான் இருக்கு."

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

"கெடச்சிடுவாரும்மா. நடந்துக்கினே முன்னாடி போயிருப்பாரு. அடுத்த மேசையில புடிச்சிடுவாங்க."

"இல்ல பாப்பா, அவரு பின்னால போயிருப்பாரு. நான் எப்பவும் அவருக்குப் பின்னாலதான் நடப்பேன். சாஞ்சார்னா புடிக்கணும்ல. என்னைக் காணோம்னா அவரு திரும்பித்தான் தேடுவாரு."

"அவ்ளோ கூட்டத்துல எதுத்து எப்படிம்மா போவாரு? யாரும் திரும்பி நடக்கமாட்டாங்க. விடமாட்டாங்க," என்றேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலேதான் சொன்னேன்.

எனக்கு டேட்டாபேஸ் மேல்தான் சந்தேகம். மூன்று நாள் படுத்திய படுத்தல் அப்படி. இணைப்பு அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. பதிவுகள் ஏறிக்கொண்டே இருந்தன. வருண லிங்கத்தில் 'மூக்குத்தி போட்ட பெண், பச்சைப் புடவை' என்று பொய்யாக ஒரு பதிவு போட்டு, 'மூக்கில் நகை, கிளிப்பச்சைச் சேலை' என்று தேடினேன். பட்டென்று வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்படியானால் ஆள் இன்னும் எந்த மேசைக்கும் வரவில்லை என்று நானே முடிவு கட்டினேன். செல்போன் கடைக்காரரிடம் சொல்லி இரண்டு பைக்கை நிருதி லிங்கத்துக்கும் வருண லிங்கத்துக்கும் விரட்டினேன். எல்லாம் முன்பக்கமாகவே.

ஒன்றரை ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. அந்தம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை செல்போன் அடிக்கும்போதும் எழுந்து நின்றார்.

"பாப்பா, நானே பின்னால ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"கொஞ்சம் சும்மா உக்காருங்கம்மா. நீங்களும் காணாமப் போனா நான் யாரைத் தேடறது?"

கத்திவிட்டேன். தோழி என்னை முறைத்தாள். அந்தம்மா மறுபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அக்னி லிங்க மேசை அந்த அறையிலிருந்து பத்து நிமிட நடைதான். அவரைப் போக விட்டிருந்தால் போதும்.

இரண்டே முக்கால் இருக்கும். தோழி என் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது கடைசியா குடுத்த மூணு முடிவைப் பாரு. ஒண்ணு நிருதி, ஒண்ணு வாயு, ஒண்ணு குபேரன். மூணுமே பொருத்தமில்ல, சரி. ஆனா அக்னி லிங்கத்துலருந்து காலையிலருந்து எவ்ளோ பேரைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுல ஒண்ணுகூட ஏன் எட்டிப் பாக்கல?"

அக்னி இரண்டு, எமன் மூன்று. பதில் தெரிந்துவிட்டது. அந்தம்மா சொன்னதும் அப்போதுதான் என் காதில் விழுந்தது. சொல்லி முழுதாக ஒன்றரை மணி நேரம் கழித்து.

வரியை அழித்தேன். திரும்ப ஓட்டினேன். கண் இமைக்கும் நேரம்தான். முதலிடத்தில் வந்து நின்றது. 'மேசை இரண்டு, அக்னி லிங்கம். பெரியவர், வாய் திறக்க மாட்டேங்கிறார், வலது கை மடங்கியே இருக்கு, கால் இழுத்து நடக்கிறார், கூட்டத்துக்கு எதிரா வந்தார், தும்பைப்பூ கலர் வேஷ்டி.' தொலைந்த செய்தியின் சொற்கள் இதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அப்படியும் டேட்டாபேஸ் அவரைக் கண்டுபிடித்துத்தான் வைத்திருந்தது. பதிவான நேரம் ஒன்று பத்து.

அக்னி லிங்க மேசைக்குப் போன் போட்டேன். எடுத்த தொண்டருக்கு மூச்சு வாங்கியது.

"இப்பத்தாங்க, பத்து நிமிஷம் முன்ன. உக்காந்துனு இருந்தவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. வலிப்பு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கோம். ஆம்புலன்ஸ் சொல்லிட்டோம்."

அந்தம்மாவிடம் எதைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. படியில் அவர் இறங்கிய வேகம் நினைவிருக்கிறது. என் ஸ்கூட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு எதிராக, ஹாரன் அடித்தபடி போனேன். "திரும்பிப் போ, யாரு இது, வழி தெரியாதா," என்று இரண்டு பக்கமும் திட்டினார்கள். அந்த மனிதர் மடங்கிய கையோடு இதே ஏச்சைக் கேட்டுக்கொண்டுதான் முக்கால் மணி நேரமாக வந்திருக்கிறார். பதில் சொல்ல அவருக்குப் பேச்சும் கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் தாடையெல்லாம் ரத்தம். பாதங்கள் கொப்பளித்திருந்தன. மேசை மேல் ஒரு தயிர்சாதப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார்களாம். அவர் அதைத் தொடாமல், பக்கத்தில் இருந்த காலி நாற்காலியையே காட்டிக்கொண்டிருந்தாராம். அது யாருக்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வெயிலும் அலைச்சலும் மாத்திரை தவறியதும் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இனி கொஞ்ச நாளைக்கு நடக்க வைக்க வேண்டாம், மறுபடி முதலிலிருந்துதான் பழக்க வேண்டும் என்றார். இரண்டு வருடமாக அந்தம்மா பின்னாலேயே நடந்து நடந்து பழக்கிய நடை அது.

நான் வராந்தாவில் நின்றேன். கிளம்பவும் மனசு வரவில்லை, உள்ளே போகவும் தைரியம் இல்லை. செல்போன் கடைக்காரர் வந்து, "கடவுள் புண்ணியம், உங்க சிஸ்டம்தான்மா கண்டுபுடிச்சு குடுத்துது," என்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"ஒண்ணு பத்துக்கே அவரு அதுல இருந்தாருங்க. நான்தான் தேடக்கூடாதுன்னு எழுதி வச்சிருந்தேன்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பெரியவர் கண் விழித்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். விழித்ததும் நேராகப் பார்க்கவில்லை. தலையணையில் தலையைப் புரட்டிப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. அந்தம்மா கட்டிலைச் சுற்றி ஓடி எதிரில் வந்து நின்று, "இங்க இருக்கறேன்யா," என்றார். அவர் இடது கையால் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே போனேன். ஃப்ரேம்வொர்க், நிபந்தனை, மேசை எண் என்று ஏதேதோ உளறினேன். எல்லாம் என் தப்புதான் என்றேன். அந்தம்மா முந்தானையை விடுவித்துக்கொள்ளாமல், என் பக்கம் தலையை மட்டும் திருப்பினார். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பாப்பா," என்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே. நீ நிமிந்துகூடப் பாக்கல."