மத்தியானத் தூக்கமும் ஆர்கிரோவின் நாய்க்குட்டியும்

கிரேக்க நாட்டின் பத்ராஸ் துறைமுக நகரத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த ஸ்டமாட்டிஸ், ராத்திரி முழுக்க பேக்கரியில் ரொட்டி சுட்டுவிட்டு மத்தியானம்தான் வீடு திரும்புவான். கோடையில் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை யாரும் சத்தம் போடக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அவன் தூங்குவது அப்போதுதான். அடுப்பருகே தூங்கி விழுந்து ஏற்கெனவே ரொட்டியைக் கருக்கியிருந்தான். இன்னொரு தட்டு கருகினால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆர்கிரோ, தான் நிம்மதியாகத் தூங்குவதற்காக நாய்க்குட்டியைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அது முனகி அழுகிற அழுகையில் துறைமுகத்துக் கப்பலெல்லாம் திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் ஸ்டமாட்டிஸ் தாங்கமுடியாமல் கத்திவிட்டான். "யக்கா, அந்தச் சனியனை உள்ள தூக்கிப் போடுங்க."

சற்று நேரத்தில் போலீஸ் வந்தது, அவனைப் பிடிக்க.

"நாய்தான சார் கத்துது?"

"அது குழந்தைப்பா. நீ எருமை மாதிரி வளந்துட்டு அமைதி நேரத்துல கத்துற. நட ஸ்டேஷனுக்கு."

இருட்டும்வரை உட்காரவைத்தார்கள். அங்கிருந்து நேராக வேலைக்குப் போனவன் நின்றபடியே தூங்கிவிட்டான். அன்றைய ரொட்டியை வைத்து ஊரே குளிர்காய்ந்திருக்கலாம், அத்தனையும் கரி.

மறுநாள் ஆர்கிரோ கதவைத் தட்டினாள். "வேலை போச்சாமே தம்பி. இனிமே பகல்ல சும்மாதான இருப்ப. நான் கடல்ல குளிச்சிட்டு வரேன், குட்டியைக் கொஞ்சம் பாத்துக்கோ."